மூடி

விடியால விரல் மடங்காது.
பதினோரு மணி ஆகணும்
கத்திரி சொன்னபடி கேட்க.

பெருந்துறை ஆஸ்பத்திரியில்
வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம்,
நாலு இட்லிக்குப் பிறகு இன்னொன்று.
"சாப்பிட்டா குடல் ஒரு சேதி அனுப்புமுங்க,
எலும்பு கரையறது கொஞ்சம் நிக்கும்"
என்றாள் ஊசி போட்ட பெண்.

சிரிப்பு வந்தது.
அவிநாசி ரோட்டுக் கம்பெனியில்
இருபத்திரண்டு வருசம், செக்கிங் மேசை,
காலையில் டீயும் வர்க்கியும்.
என்ன சேதி போயிருக்கும்?

இன்றைக்குப் பத்து மணி பெல்லுக்கு
டிபன் மூடி திறக்கவில்லை.
முந்தானையால் திருகினேன்,
பல்லால் கடித்தேன்.
பிசிறு வெட்டும் துளசிமணி
ஒன்றும் கேட்காமல் வாங்கித் திறந்து வைத்துவிட்டு
தன் பனியன் கட்டுக்குப் போனாள்.

அரிசியும் பருப்பும். ஆறிப்போயிருந்தது.
இடுப்பெலும்பு வரைக்கும் கேட்கிற மாதிரி
மென்றேன்.