ஐந்து ஓட்டை

காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த்திலிருந்து வந்தேன்,
வெறும் வயிற்றோடு.
மாலை ஃபெர்ரியில் திரும்புகிறேன்,
ஐந்து ஓட்டைகளோடு.

ஐந்து சென் காசு அகலம்கூட இல்லை ஒன்றும்.
அதன் வழியே உள்ளே போய்
இரைப்பையின் மேல்நுனியை இழுத்து
உணவுக்குழாய்க்கு மஃப்ளர் சுற்றிவிட்டாராம் டாக்டர் கூ.
பினாங்கு வெயிலில் மஃப்ளர்!

"நாங்க வீடு வாங்கினதுல இருந்து
அண்ணிக்கு வயித்தெரிச்சல்"
என்று சொல்லித் திரிந்தாள் நாத்தனார் மங்களேஸ்வரி.
மூக்கு வழியே குழாய் விட்டு
ஒரு நாள் முழுக்க அளந்த காகிதம்
என் கைப்பையில் இருக்கிறது.
எரிச்சல் உண்மைதான்.
வீட்டைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

(கொஞ்சம் உண்டு.
அது குழாயில் சிக்காது.)

வலி வயிற்றில் இல்லை, வலது தோளில்.
உள்ளே ஊதிய காற்று
ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்கிவிடும்
என்றாள் நர்ஸ் ஸுரைடா.
இனி ஏப்பம் வராமலும் போகலாம் என்றாள்.
சமைத்தவளுக்கு
வேறெப்படிச் சொல்வது, வயிறு நிறைந்ததை?

ஏழு வருடம் நாற்காலியில் சாய்ந்தே உறங்கினேன்.
கட்டிலில் என் பக்கம்
மடித்த துணிகள் குடியேறிவிட்டன.
இன்றிரவு அதையெல்லாம் எடுக்கணும் என்கிறேன்.

"நேத்தே எடுத்துட்டேன்"
என்கிறார் இவர்,
கடலைப் பார்த்தபடி.