காரணம்: காற்று

கவிழ்த்தால் தொப்பி,
மலர்த்தினால் கிண்ணம்.
விரிசல் விட்டு, கழிவில் போகவிருந்த
லைன் பீங்கான் அது.
ஆற்றூர் செக்‌ஷன் ஆபீஸ் மூலையில் கிடந்ததை
பைக்கில் வைத்துக் கொண்டுவந்தேன்.
இப்போது அடுக்களைப் புறத்தில்
அயனி மூட்டில்
இரண்டு விரல் தண்ணீரோடு இருக்கிறது.

முதல் பத்து நாள் கொசுதான் வந்தது.
"தெனமும் தண்ணி மாத்தணும் கேட்டேளா,
பறவைக்கும் நாத்தம் தெரியும்"
என்றாள் ஷைலஜா.
மாற்றினேன்.
மறுநாள் ஒரு காக்கை
எவர் வீட்டு மீன்தலையையோ கொண்டுவந்து
அதில் ஊறப்போட்டது.

சோறு வைத்தால் காக்கையும் கோழியும்.
பப்பாளியைக் குறுக்கே வெட்டி
அலுமினியக் கம்பியில் தொங்கவிட்டால்
கன்னம் சிவந்த கொண்டைக்குருவி.
மட்டிக்குலையில் ஒரு சீப்பை மறந்ததுபோல் விட்டால்
குக்குறுவான்.
தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாய் வரும்,
பந்திக்கு இடம்பிடிக்கும் கூட்டம்போல் கத்தி
ஒன்றும் தின்னாமல்
சருகைக் கிளறிவிட்டுப் போகும்.
குருவி ஒளியட்டும் என்று வளர்த்த செம்பருத்தியில்
பூனையும் ஒளிந்தது.
கீழே முழங்கால் உயரம் கழித்துவிட்டேன்.

என்னை உங்களுக்குத் தெரியும்.
கரண்டு போனால் நீங்கள் திட்டும் ஆள்.
டிரான்ஸ்ஃபார்மரில் விறைத்த காக்கையை
கம்பால் தட்டி இறக்குவேன்.
இரண்டு கம்பியையும் ஒன்றாய்த் தொட்டுவிட்ட
வௌவாலை.
"செய்யிற பாவத்துக்குப் பரிகாரமா அண்ணா?"
ஹெல்பர் பென்சாம் சிரிப்பான்.
பரிகாரமொன்றும் இல்லை மக்கா.
ஒரு மரத்துப் பப்பாளியை
வீட்டில் இரண்டு பேர் எவ்வளவுதான் தின்ன?

எடவப்பாதிக்கு முந்திய கிளைவெட்டு.
திருவட்டார் ரோட்டில்
கம்பிக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு கொல்லாமாவுக் கொம்பு.
வெட்டுகத்தியை ஓங்கியபிறகுதான் பார்த்தேன்.
இத்தனை உயரத்தில் இவை கட்டுவதில்லை.
இது கட்டியிருந்தது.
உள்ளங்கை அகலத்தில்
நார், பாலித்தீன் துண்டு, ஒட்டுப்பாலின் ஓரிழை.
உள்ளே மூன்று முட்டை,
வெளிறிய சிவப்பில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல்.

மற்றதையெல்லாம் வெட்டினேன்.
அதை விட்டேன்.
பென்சாம் ஒன்றும் கேட்கவில்லை,
ஏணியை மடக்கினான்.

சனிக்கிழமை ராத்திரி காற்று.
கொம்பு கம்பியில் உரசி பியூஸ் போனது.
நூற்றெழுபது வீடு இருட்டு,
அதில் என் வீடும்.
போனில் இருபத்துமூன்று பேர்.
ஒருவன் என் தகப்பனை விசாரித்தான்.
ஒருத்தி திட்டவில்லை:
"பிள்ளைக்கி நெபுலைசர் வைக்கணும் சார்,
எப்ப வரும்?"

மழையில் லைனை அணைத்துவிட்டு ஏறினேன்.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண் மின்னியது.
நனைந்து, பாதி அளவாய்ச் சுருங்கி,
எழும்பாமல் இருந்தது.
கத்தி இடுப்பில்தான் இருந்தது.
கயிறு கேட்டேன்.
கொம்பை மெதுவாய் இழுத்து
எதிர்த் தென்னையில் கட்டுவதற்குள்
கூடுதலாய் இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடமும்
ஒரு பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டிருக்கும்.

ஒன்பது நாற்பதுக்குக் கரண்டு வந்தது.
திங்கட்கிழமை மெமோ வந்தது.
காரணம் என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்தான்.
காற்று என்று எழுதினேன்.

ஞாயிறு காலையிலேயே
பீங்கான் கிண்ணத்தில் ஒரு கொண்டைக்குருவி
தண்ணீர் குடித்து, தலை தூக்கி, விழுங்கியது.
அதுவா, வேறொன்றா, தெரியாது.
ஆற்றூருக்கும் அந்தக் கொம்புக்கும்
மூன்று கிலோமீட்டர்.
எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு.

அதைப் பார்த்துக்கொண்டே
அந்த நம்பருக்கு அழைத்தேன்.
"உறங்குதான் சார்," என்றாள்.
யார் பேசுவது என்று கேட்டாள்.
இ.பி.யிலிருந்து என்றேன்.
கரண்டு இருக்கிறதே, பிறகு எதற்கு
என்று அவளுக்குப் பிடிபடவில்லை.
நானும் சொல்லவில்லை.