இன்னும் இருந்தனானோ

கொக்குவிலில் ரயர்க் கடைக்கு மேலே எங்கள் ஒப்பீஸ்.
கீழே சில்லுக்குக் காற்றடிக்கும்போது
என் தேத்தண்ணியில் வட்டம் வட்டமாய் அலை.

செவ்வாய் காலை சுபாங்கன் வந்து
என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படி கூட்டினான்.
"வியாழன் பின்னேரம் அஞ்சு மணிமட்டும். பிறகு தானாய்க் கழரும்.
ஆர் ஆருக்கு என்ன உரிமை எண்டு பார்.
தேவையில்லாததை வெட்டு."

நாற்பத்தொரு பெயர்கள்.
பார்க்க மட்டும் விட்ட பெயர்கள்.
எழுதலாம், ஆனால் இன்னொருத்தர் ஓமெண்டால்தான் சேரும் என்ற பெயர்கள்
(நேற்றுவரை நானும் அதில்தான்).
எதையும் செய்யலாம், என்னையே இல்லாமல் ஆக்கலாம் என்ற மூன்று.
பயிற்சிக்கு வந்து ஆறு மாதத்தில் போன கம்பஸ் பிள்ளைகளை எடுத்தேன்.
கலியாணம் கட்டி வவுனியா போன ஜெயவதனியை எடுத்தேன்.
'சோதனை இரண்டு' என்றொரு ஆள்.
ஒருவருக்கும் அவரைத் தெரியாது.
அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

பிறகு பிறேமிளன்.
மொன்றியல் போய் இரண்டு வருசமும் மூன்று மாதமும்.
அவன் மேசையில் இப்போது கேத்தில் இருக்கிறது.
கடைசியாய் உள்ளே வந்தது: இன்று, அதிகாலை 2.10.

முதல்நாளும் 2.10. அதற்கு முதல்நாளும்.
தோண்டிப் பார்த்தால் அவனில்லை, அவன் சாவி.
ஏதோ அவசரத்தில் தன் பெயரிலேயே வெட்டி
எண்பது வரிக்குள் செருகிவிட்டுப் போயிருக்கிறான்.
காலாவதி: இல்லை.
ஒவ்வொரு இரவும் அது எழும்பி
பன்னிரண்டு கிளினிக்கின் பதிவுகளைப்
பிரதியெடுத்து வைத்துவிட்டுப் படுக்கிறது.
அங்கே அப்போது பின்னேரம் நாலு நாற்பது.
எந்தக் கிடங்கில் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றானோ.

அவனை வெட்டினால் அதுவும் நிற்கும்.

தாவடியில் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் உறுதி
ஸ்காபரோவில் ஒரு அன்ரியின் பெயரில்.
அற்றோணி சுன்னாகத்தில் அவவின் மச்சானுக்கு.
முன்னறை, குசினி, கிணறு எனக்கு. நடு அறைக்குப் பூட்டு.
கறன்ற் பில் இன்னும் செத்துப்போன அங்கிளின் பெயரில்தான் வருகிறது.
மாதாமாதம் அவருக்காகக் கட்டுகிறேன், லைற் எரிகிறது.
ஓட்டில் சாய்ந்த வேப்பங்கொப்பைத் தறிக்கட்டோ என்று கேட்டு
மூன்று கிழமை.
நீலச் சரி இரண்டும் விழுந்துவிட்டது. பதிலில்லை.

புதன் இரவு ஆளில்லாத ஒரு கணக்கைத் திறந்தேன்.
ஒரு கோப்புறையைப் பார்க்கலாம், இன்னொன்றில் வைக்கலாம்,
வேறொன்றையும் தொடக்கூடாது. தொண்ணூறு நாள்.
நுளம்புத்திரி முக்கால்வாசி எரியும்வரை விழித்திருந்து
2.10க்குப் பச்சை விழக் கண்டேன்.
பிறகுதான் அவனிடம் போனேன்.

அகற்றுவதென்றால் அவன் பெயரை முழுதாய் எழுதித் தரச் சொன்னது.
எழுதினேன். ஓரெழுத்துப் பிழைத்து, திரும்ப எழுதினேன்.

ஒரு நிமிசம் இராது. போன் அதிர்ந்தது.
"உரிமை எடுத்தாச்சு எண்டு மெயில் வந்திருக்கு.
நான் இன்னும் உள்ளுக்கு இருந்தனானோ?"

ஓமடா என்று எழுதி, அழித்து,
சாப்பிட்டியோ என்று கேட்டேன்.

வியாழன் அஞ்சு மணிக்கு
வெட்டும் பொத்தான் என் திரையில் இல்லை.
வீட்டுக்குப் போனால் கொப்பு அப்படியே ஓட்டில்,
இரண்டு ஓடு விலகி
குசினிக்குள் ஒரு கைப்பிடி வெயில்.