ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று

பாவ்தௌவில் ஜனவரி. வெளியே கழித்தல் இருபத்தாறு.
உள்ளே, கைப்பிடி அளவு மூசையில், ஆயிரத்து ஐந்நூறு.
இரண்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்,
என் பஞ்சுக் கோட்டு.

மாலிப்டினத் தண்டு சுழல்கிறது,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று.
கசடு அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறதென்று
திரையில் ஒரு பச்சைக் கோடு சொல்லும்.
கோடு படுத்துக் கிடந்தால் கசடு ஓடுகிறது.
நள்ளிரவு வரை படுத்தேதான் கிடந்தது.

சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்துப்
பின்னிக்கொண்டால் பாகு இறுகும்.
சீரியம், கூட்டத்தில் தோளால் இடித்து நுழைகிற ஆள் மாதிரி,
கோத்த விரல்களைப் பிரித்துவிடும்.
பிறகு இளகல்தான், வழிதல்தான்.
கசடென்று பெயர் வைத்தவர் யாரோ,
சீரியமென்று வைத்தவர் யாரோ,
இருவரும் ஒரே மூசைக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

ஜிர்காலுக்கு இளகல் போதும்.
நாலாம் ஊதுலையில், கசடு வாய்க்கால் ஓரம்,
ஆளுயரக் கடப்பாரையோடு நிற்பவன் என் கணவன்.
உறைந்தால் வாய் அடைக்கும்,
வாய் அடைத்தால் சம்பளத்தில் கைவைப்பார்கள்.
"ஓடினால் நல்லது, நின்றால் கெட்டது, சோல்மன்.
இதைச் சொல்ல ஓர் ஆய்வகமா?"
என்றான், ஆட்டுக்கறிக் கொழுக்கட்டையைக் காடியில் தோய்த்தபடி.

எனக்கு வேண்டியது நிற்பது.
அதுவும் மெல்ல.
சட்டென்று குளிர்ந்தால் வெறும் கண்ணாடி.
அவரவர் நின்ற இடத்தில் அப்படியே,
வரிசையுமில்லை முறையுமில்லை,
சீரியம் எங்கும் இருக்கும், எடுக்க எங்கும் இராது.
மெல்ல இறக்கினால்
ஒன்றையொன்று தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

நிமிடத்துக்கு மூன்று பாகை குறையட்டும்
என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார் ஷூ யூன்ஹே.
நான் ஒன்று என்று வைத்தேன்.

மூன்று, மூன்றரை, நாலு மணி.
ஆர்கான் வாயுவின் சீறல், என் கொட்டாவி.
ஆயிரத்து இருநூற்று நாற்பதிலும் கோடு படுக்கை.
முப்பத்தைந்தில் லேசாகத் தலை தூக்கியது.
முப்பத்தொன்றில்
சுவரில் ஏறும் பல்லியாய்ச் செங்குத்தாய்.
தண்டு முனகியது. நின்றது.

என் இரண்டு மாதச் சம்பளம் அந்தத் தண்டு.
சேதப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
பேனா மை குளிரில் இறுகியிருந்தது,
வாயருகே வைத்து ஊதினேன்.
'பொறுமை' என்று எழுதி அடித்தேன்.
'உறைந்தது' என்று எழுதினேன்.

விடிந்ததும் வைரவாளால் அறுத்தேன், தண்டோடு சேர்த்து.
மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன்.
கனத்த அணுக்களையே வெளுப்பாய்க் காட்டும் கருவி அது.
சாம்பல் நிற வெளியில்
அறுமுகக் கோல்கள், வெள்ளை வெளேரென்று,
தண்டைச் சுற்றி எத்தனையோ,
சுழல்வதை நிறுத்தத்தான் வந்தவைபோல்.
ஒரு பானைக்கு ஒரு சோறு என்பார்கள்.
ஊருக்கு மேற்கே கிடக்கும் கசட்டு மலைக்கு
இது பருக்கையில் பாதி.

ஷூ யூன்ஹே நெடுநேரம் பார்த்தார்.
"ஒன்றா வைத்தாய்?" என்றார்.
தண்டைப் பற்றிப் பேசவில்லை.
இன்னும் பேசவில்லை.

எட்டரைக்கு வாசலில் ஜிர்கால்,
புருவத்தில் பனி, தாடையில் கரி.
இரவு நாலு மணிக்கு வாய் அடைத்துவிட்டதாம்,
ஐந்து பேர் இடித்துத் திறந்தார்களாம்.
முதலாளிகளைத் திட்டினான், கசடைத் திட்டினான்,
ஓட்டத்தை அளக்கிற என்னையும் சேர்த்துத்தான் திட்டினான்.
பிறகு கையுறையைக் கழற்றாமலே
பைக்குள்ளிருந்து ஒரு கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.
"அடைத்தது இதுதான்."

இன்னும் வெதுவெதுப்பு.
மாதிரிப் பையில் போட்டு எண் எழுதினேன்.
'எடுத்தவர்' என்ற இடத்தில் அவன் பெயர்.
எழுத்துப் பிழை என்றான், திருத்தினேன்.
வாள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.