பொய்யடி

ஆறு கிலோ பார்லி மால்ட்
அரைத்தாயிற்று.
ஊறவைக்க ஒரு நீல ஐஸ்பெட்டி,
ஏரிக்கரையில் மீன் சுமந்து சுமந்து வாடை ஏறியது;
சோடா போட்டு மூன்று முறை கழுவினேன்.
இனி வேண்டியது
அடிக்கு மேலே ஓர் அடி.
தானியம் தங்கிவிட,
சாறு மட்டும் இறங்கிப்போக
ஒரு பொய்த்தரை.

கடையில் இருக்கிறது, எண்பது டாலர்.
தானியக் கிடங்கில் வேலை போய்ப் பதினோரு வாரம்.
எண்பது டாலர் என்று நினைத்தாலே
டுலூத் நகரத்து ஜனவரி
காலுறைக்குள் புகுந்துகொள்கிறது.

சமையலறை மேலடுக்கில்
சலிப்பானுக்குப் பின்னால் கிடந்தது எஃகுத் தட்டு.
நல்ல வட்டம்.
அதில் யாரும் எதையும் பரிமாறி நான் பார்த்ததில்லை.
அளந்தேன்: பெட்டிக்கு நூலளவு பெரிது.
நூலளவுக்கு அரம் போதும்.

சோல்வேக்கு மருத்துவமனையில் இரவுப் பணி,
பகலெல்லாம் தூக்கம்.
ஆகவே துளைப்பது இரவில்,
கார் கொட்டகையில், மூச்சுப் புகைய.
மூன்று மில்லிமீட்டர் துளை,
துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு நகக்கண் இடைவெளி.
முதல் அலகு நாற்பதாவது துளையில் முறிந்தது.
இரண்டாவது நீலம் பாரித்துச் செத்தது.
அவசரப்படுத்தினால் எஃகு இறுகிக்கொள்ளும்,
மெல்ல அழுத்தி, சொட்டு எண்ணெய் விட்டுப் போ
என்று மூன்றாவது கற்றுத்தந்தது.
ஐந்நூற்றுச் சொச்சம் வரை எண்ணினேன்,
பிறகு கை எண்ணிக்கொண்டது.

காலை ஏழுக்கு வந்தாள்,
பூட்ஸில் பனியோடு.
இது என்ன என்றாள்.
பொய்யடி என்றேன்.
தட்டைத் திருப்பினாள்.
என் முதல் கல்யாணத்துக்கு வந்தது என்றாள்,
சீட்டு வாசிக்கிற குரலில்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.
அதில் பாதிதான் மெய்.
பின்புறத்தில் இரண்டு பெயரும் ஒரு தேதியும்
பொறித்திருந்ததைப் பார்த்திருந்தேன்.
துளைக்கத் தொடங்கியதே அங்கிருந்துதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வரிசை வரிசையாக விரல் ஓட்டினாள்.
இங்கே ஒன்று விட்டிருக்கிறாய் என்றாள்.
எந்திரத்தை வாங்கி
அவன் பெயரின் கடைசி எழுத்தில்
ஒரே மூச்சில் இறக்கினாள்.
எஃகுச் சுருள் ஒன்று மேசையில் விழுந்தது.
போய்த் தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை.
திருகாணிக் கால் நான்கு, விளிம்பைச் சுற்றிப்
பிளந்த ரப்பர்க் குழாய்.
அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம்;
கொட்டகை முழுக்க வேகும் ரொட்டியின் மணம்.
ஆசையோடு வால்வை முழுக்கத் திறந்தேன்.
மாவுக்கலங்கலாய் ஒரு பாய்ச்சல்,
பிறகு நூல்,
பிறகு ஒன்றுமில்லை.
குழாயில் வாய்வைத்து ஊதினேன்.
உள்ளே எதுவோ ஏப்பம் விட்டதோடு சரி.

இரவுச் சட்டையோடு வந்து நின்றாள்.
யாராவது இப்படித் திறப்பார்களா என்றாள்.
தானியத்தை மேலாகக் கிளறச் சொன்னாள்,
இரண்டு கை உமி தூவச் சொன்னாள்,
பத்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னாள்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
பிறகு வால்வைத் தொட்டும் தொடாமலும் திருப்பி
கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினாள்,
நோயாளிக்கு ஏற்றுகிறவள்.

கலங்கல் வந்தது, மேலேயே ஊற்றினோம்.
மறுபடி வந்தது, மறுபடி ஊற்றினோம்.
நான்காவது குவளையில்
அடியில் என் கட்டைவிரல் தெரிந்தது.

வடிகட்டுவது தட்டு இல்லை.
தானியம்தான் தன்மேல் தான் படிந்து
தன்னை வடித்துக்கொள்கிறது.
தட்டு கீழே
தரை மாதிரி கிடந்தால் போதும்.

இரவு கழுவும்போது பார்த்தேன்:
பெயர்கள் போயிருந்தன, நாளும் மாதமும் போயிருந்தன.
வருடம் மட்டும் விளிம்போரம் வாசிக்க முடிந்தது.
அதை விட்டுவைத்தேன்.
அங்கேயும் துளைத்தால்
மூன்றாவது கால் நிற்காது.