கடல் தெரியும் தூரம்

காலை ஆறே முக்காலுக்குக்
கொள்ளுப்பிட்டியில் வான் ஏறினோம்.
கரையோர வீதிக்குக் காட்சிப் பாதைப் பட்டம்
கொடுக்கலாமா என்று பார்க்க.
நான் மொழிபெயர்ப்பாளர்.
படிவத்தைத் தமிழில் போட்டது நான்தான்,
அதன் ஓட்டைகளும் எனக்குத் தெரியும்.

தொடர்ச்சியாகக் கடல் தெரியும் தூரம்: இருபது புள்ளி.
ஒதுங்கி நிற்க இடம்: பத்து.
குப்பை, கழிக்க.
பார்வைத் தடை, கழிக்க.

விதானகே மீட்டரைச் சத்தமாக வாசிக்கிறார்.
ருஸைக் இருபதுக்கு மேல் ஓட்டவில்லை.
பின்னால் வரும் ஆட்டோக்கள்
ஹோர்னிலேயே எங்கள் பரம்பரையை விசாரிக்கின்றன.

பம்பலப்பிட்டி தாண்ட, ரயில்.
எங்களுக்கும் கடலுக்கும் நடுவே
ஜன்னல் ஜன்னலாக நறுக்குண்டது நீலம்.
மிதிபலகையில் தொங்கிய ஒருவன்
சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி
எங்களையே பார்த்துக்கொண்டு போனான்,
நாங்கள்தான் காட்சி என்பதுபோல.
"நாற்பத்தொரு விநாடி தடை" என்றார் குலசூரிய மிஸ்.
மூன்று புள்ளி போயிற்று.

வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில்
எல்லோரும் கண்ணாடியை ஏற்றினோம்.
மணத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

வரலாற்று முக்கியத்துவம் என்றொரு கட்டம்.
இதே வீதியில் ஒரு காலம்
வாகனங்களை மறித்து, இறக்கி,
டோர்ச் அடித்துப் பார்த்தார்கள்.
கடலை அல்ல.
பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
பிறகு 'பொருந்தாது' என்று எழுதினேன்.

அறுபது வேண்டும். அறுபத்திரண்டு கிடைத்தது.
ஐந்து மாதம் கழித்துப் பலகை வந்தது, மூன்று மொழியில்.
'கன்கவர் காட்சிப் பாதை.'
நான் எழுதிக் கொடுத்த கண்ணில்
ஒரு சுழி குறைந்திருந்தது.
திருத்தக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போவது நூறாம் நம்பர் பஸ்ஸில்,
காலி வீதியால்.
வங்கி, புடவைக்கடை, நகைக்கடை, வங்கி,
பிறகு ஓர் ஒழுங்கையின் வாய்:
அதன் அடியில் ஒரு விரற்கடை கடல்.
மறுபடி பார்மசி, போன் கடை,
அடுத்த ஒழுங்கை, அடுத்த விரற்கடை.
ஒன்றரை விநாடிகூட இராது.
கூட்டிப் பார்த்திருக்கிறேன், பழக்கதோஷம்.
எந்தப் படிவத்திலும் தேறாது.

நேற்று சிவப்பு விளக்கு
சரியாக ஓர் ஒழுங்கைக்கு நேரே பஸ்ஸை நிறுத்தியது.
முழுச் சூரியன், அந்த இடுக்கில்,
இரு பக்க மதிலும் உரச.
நடத்துனர் கத்தினார்:
"பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க,
இடமிருக்கு."
நான் நகரவில்லை.