ஐந்தாம் மாடி

ஷார்ஜா ரோலாவில்
எங்கள் கட்டடத்தை இடிக்க வந்தவர்களிடம்
லிஃப்டின் பொத்தான் பலகையை மட்டும் கேட்டேன்.
நாற்பது திர்ஹம் என்றான் ஒருவன்,
முப்பதுக்குத் தந்தான்.
திருகாணிகளை என் உள்ளங்கையில் எண்ணிப் போட்டான்
மீதிச் சில்லறை போல.

கல்லூரியின் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு
இதுதான் என் படைப்பு.
சுவரில் பலகை, பன்னிரண்டு மாடி.
எதை அழுத்துகிறீர்களோ அங்கே குடியிருந்தவரின்
நினைவு ஒன்று பேசும்.
விளக்கக் குறிப்பில் இதையே
இருநூறு வார்த்தைக்கு இழுத்திருந்தேன்.
பேராசிரியை ஹனாதி
‘நினைவு’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு
எதுவும் எழுதாமல் திருப்பித் தந்தார்.

பலகையைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன்.
ஏழு தேய்ந்து வெறும் கோடாகியிருந்தது.
அது பெட் ஸ்பேஸ் மாடி,
மூன்று ஷிஃப்டும் ஏறி இறங்கிய மாடி.
ஏழைவிட அதிகம் தேய்ந்தது
கதவை மூடும் பொத்தான்.
அதன் பின்னால் ஒயரே இல்லை.
என்றைக்குமே இருந்ததில்லை என்றார் மெக்கானிக்.

குரல் சேகரிக்கப் போனால்
யாரும் எனக்கு வேண்டியதை
நினைவில் வைத்திருக்கவில்லை.
"என்னத்தச் சொல்ல,
மாவு வாளி லிஃப்டுல கொட்டிச்சு. தொடச்சேன்."
இது அம்மா.
ஒன்பதாம் மாடி ஜோஸ்லின் அக்கா
அஜ்மானிலிருந்து அனுப்பிய பதிவில்
பாதி நேரம் மிக்ஸி ஓடியது,
மீதி நேரம் வருடவாரியாக
வாடகையை ஒப்பித்தாள், பிசகாமல்.
அப்பா கொஞ்சம் யோசித்தார்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
லிஃப்ட் நின்றுபோன ராத்திரி.
கூடவே ஒருவர், காலடியில் டிவி பெட்டி,
வேலை போய் ஊருக்குக் கிளம்பியவர்.
நாற்பது நிமிடம். பேர்கூடக் கேட்கவில்லை.
"நாங்க பேசவே இல்லையேம்மா,
இதுல எதைப் பதியப் போற?"
அதற்குப் பின் வந்த இருமலோடு பதிந்தேன்.

ஐந்தில் இருந்தவர்கள் மட்டும் அகப்படவில்லை.
கைபேசி எண்களெல்லாம் வேறு யாருடையதோ.
சமர்ப்பிக்க மூன்று நாள்.
குளியலறையில் உட்கார்ந்து
துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு
தடித்த குரலில் நானே சொன்னேன்:
"ஏசிக்குப் பின்னால புறா ஒண்ணு முட்டை வச்சிருந்துச்சு.
அந்தக் கோடை பூரா நாங்க ஏசியே போடல."
நல்ல பொய். கேட்டால் வியர்க்கும்.

முதல் நாள் பள்ளிப் பிள்ளைகள்
ஒரே வீச்சில் பன்னிரண்டையும் அழுத்தினார்கள்.
மாவும் வாடகையும் இருமலும் புறாவும்
ஒன்றன்மேல் ஒன்று விழ,
ஒரு நொடி, சத்தியமாக,
எங்கள் கட்டடத்தின் சாயங்காலம் கேட்டது.

மறுநாள் மஃரிப் பாங்குக்குப் பிறகு
கழுத்து அட்டையைக் கழற்றாமலே ஒருவர் வந்தார்.
விளக்கக் குறிப்பைப் பார்க்கவில்லை.
நேராக ஐந்து.
மறுபடி ஐந்து.
மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டார்.
"நான் அஞ்சுல இருந்தேன்," என்றார் தமிழில்.
என் காதுமடல் சுட்டது.
"ஐநூத்தி மூணு. பேரு தாவூத் கனி.
பேசுறது யாரு, கபீரா? குரலே மாறிப்போச்சு.
ஆனா முட்டை ஒண்ணு இல்லம்மா.
ரெண்டு.
ஒண்ணு பொரிக்கவே இல்ல."

சொல்லியிருக்க வேண்டும்.
வாய்வரை வந்ததை விழுங்கி
"கபீர் இப்ப எங்கே?" என்று கேட்டேன்.
அவர் கையை மட்டும் விரித்தார்.
போகிற போக்கில், பழக்கத்தில்,
கதவை மூடும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்.

இப்போது குரலைத் திருத்துவதா அழிப்பதா
என்று கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
முவைலாவில் எங்கள் புது ஃப்ளாட்டின் ஏசி
தடதடவென்று ஓடுகிறது.
அதன் பின்னால் ஒன்றும் இல்லை, தெரியும்.
எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டும் வந்தேன்.
சமர்ப்பிப்புத் தாளில் ‘மூலம்’ என்ற கட்டத்தில்
ஐந்துக்கு நேரே
கபீர், 503 என்று எழுதியிருக்கிறேன்,
பென்சிலால்.